வாடையில் பறவை பார்க்க

சென்னை–திருச்சி நெடுஞ்சாலையில் படாளம் கூட்டுரோட்டில் திரும்பினால், பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டரில் வேடந்தாங்கல். இப்போது வாடை வீசுகிற நேரம். ஏரிக்கரையில் நடந்தால் தோள் துண்டு நிற்காது. ஆனால் பறவை பார்க்க அந்தக் காற்றே ஒரு வசதி. பலத்த காற்றில் இறகு கலையாமலிருக்க, பறவைகள் காற்று வரும் திசையை நோக்கித்தான் உட்காரும். காற்றுக்கு முதுகைக் காட்டி நில்லுங்கள். அத்தனை முகங்களும் உங்கள் பக்கம் திரும்பியிருக்கும்.

அப்புறம் அலகைக் கவனியுங்கள். நுனி தட்டையாக அகன்றிருந்தால் கரண்டிவாயன். மூடிய அலகின் நடுவே சந்து தெரிந்தால் நத்தைகுத்தி நாரை. அலகின் கீழே பை தொங்கினால் கூழைக்கடா. தண்ணீருக்கு மேல் கழுத்து மட்டும் நெளிந்து போனால், பயப்படாதீர்கள், அது பாம்புத்தாரா!

2022-இல் உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களின் ராம்சார் பட்டியலில் இடம்பெற்ற இந்த ஏரியைத் தலைமுறைகளாகக் காத்து வருபவர்கள் ஊர்க்காரர்கள். எச்சம் கலந்த ஏரித்தண்ணீர் பயிருக்கு உரம் என்பது அவர்களுக்கு அன்றைக்கே தெரியும். பறவைகளைச் சுடக்கூடாது என்று 18-ஆம் நூற்றாண்டின் கடைசியில், கலெக்டர் லயோனல் பிளேஸிடம் எழுதியே வாங்கிவிட்டார்கள். இன்றைக்கும் பறவைகள் மிரளுமே என்று தீபாவளிக்கு அங்கே வெடி கிடையாது. ஊர்ப் பிள்ளைகள் பட்டாசையே விட்டுக்கொடுக்கிறார்கள். காரில் போகிற நாம் ஹாரனை விட்டுக்கொடுக்கக் கூடாதா?