இரண்டு தாள், ஒரே வாசல்

செவிலியர் கல்லூரி முதல்வர்களும், மனநலச் செவிலியம், சமுதாய நலச் செவிலியம் ஆகிய துறைகளின் ஆசிரியர்களும் கூடியிருக்கும் இந்த அவையில், மாணவ மாணவியர் பின்வரிசையில் சீருடையோடு அமர்ந்திருக்கிறார்கள். அந்தப் பின்வரிசையைப் பற்றித்தான் இன்று பேசப்போகிறோம்.

நம் பாடத்திட்டத்தில் மனநலச் செவிலியம் ஒரு தாள், சமுதாய நலச் செவிலியம் வேறொரு தாள். மனநல மருத்துவமனை போஸ்டிங்கில் மாணவி நோயாளியோடு பேசியதை எழுதுகிறாள், மனநிலைப் பரிசோதனை செய்கிறாள், கேஸ் ஸ்டடிக்கு டியூட்டரிடம் கையெழுத்து வாங்குகிறாள். பிறகு கிராமத்துக்குப் போகிறாள். ரத்த அழுத்தம் பார்க்கிறாள், கர்ப்பிணிகளையும் குழந்தைகளையும் கணக்கெடுக்கிறாள். அதே தெருவில் ஒரு வீட்டின் பின்கட்டில் யாரோ பல வருடங்களாகப் பூட்டிய அறையில் இருக்கலாம். அவர் நம் மாணவியின் படிவத்தில் எந்தக் கட்டத்திலும் வரமாட்டார். இந்த இரண்டு தாளும் ஒரே வாசலில் சந்திக்க வேண்டும் என்பதுதான் நான் சொல்ல வந்தது.

திருச்சியில் கூடி இதைப் பேசுவது பொருத்தம். 1982இல் வந்த தேசிய மனநலத் திட்டம், 1996இல் மாவட்ட அளவில் இறங்கியபோது முதலில் தேர்ந்தெடுக்கப்பட்ட நான்கு மாவட்டங்களில் திருச்சிராப்பள்ளியும் ஒன்று. ஆனாலும் அதற்கு இருபது ஆண்டுகள் கழித்து, தமிழ்நாடு உட்பட 12 மாநிலங்களில் நடந்த 2015-16 தேசிய மனநல ஆய்வு, கடும் மனநோய் உள்ளவர்களில் ஏறக்குறைய நால்வரில் மூவர் சிகிச்சைக்கு வெளியே இருப்பதாகக் கண்டது. அவர்கள் வார்டுக்கு வரவில்லை. வார்டிலேயே நின்று படித்த மாணவி அவர்களை எப்படிப் பார்த்திருப்பாள்?

வார்டுக்கு வராதவர்கள் எங்கே போய்ச் சேர்ந்தார்கள் என்பதற்கு ஏர்வாடி ஓர் உதாரணம்: 2001 ஆகஸ்ட் 6 அன்று அங்கிருந்த மனநலக் காப்பகத் தீயில் சங்கிலியோடு வெந்து மாண்டவர்கள் 28 பேர். சங்கிலியிடுவதை 2017 மனநலப் பாதுகாப்புச் சட்டம் 95ஆம் பிரிவில் அடியோடு தடுக்கிறது. பிரிவு எண்ணை மனப்பாடம் செய்தால் தேர்வில் மதிப்பெண் கிடைக்கும். ஆனால் நோயாளியின் வீட்டில் என்ன பேசுவது? குணசீலம் கோயிலுக்கோ ஏர்வாடி தர்காவுக்கோ போய்வந்த குடும்பத்தைக் கடிந்துகொள்ளும் செவிலியருக்கு இரண்டாம் முறை கதவு திறக்காது. கோயிலுக்கும் தர்காவுக்கும் போகட்டும், மாத்திரையும் தொடரட்டும் என்று சொல்லத் தெரிந்தவருக்குத் திறக்கும்.

மாத்திரை என்றேனே, அங்கேதான் நிறைய வேலை இருக்கிறது. மனச்சிதைவுக்கு ஊசி போட்டுக்கொள்பவருக்குக் கை நடுங்குகிறது, உடம்பு விறைக்கிறது, எச்சில் ஒழுகுகிறது. 'மருந்துதான் இவனைக் கெடுத்தது' என்று வீட்டார் நிறுத்திவிடுவார்கள். அது பக்கவிளைவு, அதைக் குறைக்க வழி உண்டு என்று வாசலிலேயே சொல்ல ஒருவர் வேண்டும். லித்தியம் சாப்பிடும் ஒருவர் சித்திரை வெயிலில் களையெடுக்கப் போய், வாந்திபேதியும் சேர்ந்துகொண்டால், ரத்தத்தில் மருந்தின் அளவு ஏறும். நடை தள்ளாடும், பேச்சு குழறும். ஊர் அவரைக் குடிகாரர் என்று சொல்லிவிட்டுப் போகும். நம் மாணவி உடனே மருத்துவமனைக்கு அனுப்ப வேண்டும். இதைக் கண்டுபிடிக்க வார்டில் படித்ததும் வயல்காட்டு வாழ்க்கை பற்றிய அறிவும் ஒருசேரத் தேவை.

குடும்பத்தை உடன் சேர்த்துக்கொள்வது நமக்குப் புதிதும் இல்லை. வேலூர் சி.எம்.சி.யின் மனநல மையத்தில் 1957 முதலே நோயாளியோடு உறவினரும் தங்கிக் கற்றுக்கொள்கிறார்கள். அந்த அனுபவத்தை நம் பாடப்புத்தகங்கள் ஓரிரு வரியில் கடந்துவிடுவது எனக்கு எப்போதுமே குறைதான்.

சில பழக்கங்களை விட்டொழிக்க வேண்டும். உலக மனநல நாளான அக்டோபர் 10 அன்று பதாகை பிடித்து ஊர்வலம் போய்ப் படம் எடுத்துக்கொண்டதை சமுதாய மனநலப் பயிற்சி என்று ரெக்கார்டில் எழுதுவது ஒன்று. கல்லூரிப் பேருந்தில் இருபது பேராகப் போய் ஒரு வீட்டு முன் இறங்குவது இன்னொன்று. ரகசியம் காப்பது பற்றி வகுப்பில் நடத்தியதெல்லாம் அந்தத் தெருமுனையிலேயே முடிந்துவிடும். இருவராகப் போகட்டும், கிராம சுகாதாரச் செவிலியரோடு போகட்டும். அவருக்கு ஊர் தெரியும், ஊருக்கு அவரைத் தெரியும்.

தற்கொலை எண்ணம் உண்டா என்று நேரே கேட்க மாணவியர் தயங்குகிறார்கள். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக முளைக்காது. பூச்சிமருந்தைப் பூட்டிவைக்கச் சொல்வதும், 14416 என்ற டெலிமானஸ் மனநல உதவி எண்ணைக் குறித்துக் கொடுப்பதும், தாமதிக்காமல் மேலிடத்துக்குத் தெரிவிப்பதும் அதே வருகையில் நடக்க வேண்டியவை. அன்றிரவு அந்த மாணவிக்குத் தூக்கம் வராமல் போகலாம். அவளிடம் பேச ஓர் ஆசிரியர் இருக்க வேண்டும் என்பதையும் பயிற்சித் திட்டத்திலேயே எழுதுங்கள்.

பாடவேளை போதாது என்பார்கள். பாதி உண்மைதான். மீதிப் பாதி, இரண்டு துறைகளும் ஒரே தாழ்வாரத்தில் இருந்துகொண்டு போஸ்டிங் அட்டவணையைத் தனித்தனியே போடுவது. ஒரு மாணவி ஒரு குடும்பத்தை ஓர் ஆண்டு தொடர்ந்து பார்க்கட்டும். இரு துறை ஆசிரியரும் சேர்ந்து மதிப்பிடட்டும். மாவட்ட மனநலக் குழுவினரையும் களஆசிரியர்களாக அழையுங்கள்.

பிற்பகல் அமர்வில் இரு துறைத் தலைவர்களும் பக்கத்துப் பக்கத்து நாற்காலியில் அமருங்கள். மாலை நிறைவு விழாவுக்கு முன், ஒவ்வொரு கல்லூரியும் எந்த ஆரம்ப சுகாதார நிலையத்தில், எந்த மாதம் இந்தக் கூட்டுப் பயிற்சியைத் தொடங்கப்போகிறது என்பதை எழுதி என்னிடம் தரும்படி கேட்டுக்கொண்டு, கருத்தரங்கைத் தொடங்கிவைக்கிறேன்.