மறுபார்வையும் மாறுகொளக் கூறலும்

(பத்தாம் ஆண்டு விழாவில் ஆற்றப்பட்ட உரை)



நூலில் நேரக்கூடாத குற்றங்கள் பத்து என நன்னூல் வகுத்துரைக்கிறது. குன்றக் கூறலில் தொடங்கும் அந்த வரிசையில் மாறுகொளக் கூறல் என்பதும் ஒன்று. முன்னர் ஒன்றைச் சொல்லிவிட்டுப் பின்னர் அதற்கு முரணாக வேறொன்றைச் சொல்வதே மாறுகொளக் கூறல். பவணந்தியார் திரைப்படத்தைக் கண்டவர் அல்லர். ஆயினும், ஒரு காட்சியில் பாதியளவு பால் இருந்த குவளை அடுத்த கணமே நிறைந்து நிற்பதையும், இடத்தோளில் கிடந்த துண்டு யாரும் தொடாமலே வலத்தோளுக்கு மாறிவிடுவதையும் குறிக்க இதனினும் பொருத்தமான சொல் தமிழில் இல்லை.

இவ்வழு எவ்வாறு நேர்கிறது என்பதை முதலில் காண வேண்டும். திரையில் இரண்டு நிமிடம் நடக்கும் உரையாடல், படப்பிடிப்புத் தளத்தில் ஒரு முழுநாளை எடுத்துக்கொள்ளக்கூடும். பேசுபவர் முகம் காலையிலும் கேட்பவர் முகம் மாலையிலும் பதிவாகலாம். வீட்டினுள் நடப்பது சென்னையிலும், அதே மனிதர் வாசலைத் தாண்டி வெளியே வருவது வேறோர் ஊரில் இரண்டு திங்கள் கழித்தும் எடுக்கப்படலாம். கதையின் வரிசை வேறு; படமெடுக்கும் வரிசை வேறு. இரண்டையும் இணைத்து வைப்பதற்கென்றே ஓர் உதவி இயக்குநர் குறிப்பேட்டுடன் நிற்பார். பொட்டின் அளவு, சட்டையின் மடிப்பு, கடிகார முள், எந்தக் கை முதலில் உயர்ந்தது என எல்லாவற்றையும் எழுதி வைப்பது அவர் பணி. அவருடைய கண் தப்பிய இடம், பின்னாளில் ரசிகனின் கண்ணில் படுகிறது.

ஆனால் முதற்பார்வையில் அது படுவதில்லை. முதன்முறை பார்ப்பவன் கதையைத் தொடர்கிறான். அடுத்து என்ன ஆகுமோ என்ற கவலையில் அவன் கண் நடிகரின் முகத்தை விட்டு அகல்வதில்லை. படத்தொகுப்பாளரும் இதை நன்கறிவார். உணர்ச்சி சரியாக அமைந்த துண்டா, துண்டு கிடந்த தோள் சரியாக அமைந்த துண்டா என்ற கேள்வி எழுந்தால், தேர்ந்த தொகுப்பாளர் முன்னதையே தேர்வார். முடிவு தெரிந்த பின்னர் மீண்டும் பார்ப்பவனுக்கே ஓய்வான கண் வாய்க்கிறது. அக்கண் கதவையும் குவளையையும் சுவரில் தொங்கும் நாட்காட்டியையும் பார்க்கிறது. ஆகவே வழுவைக் கண்டவன் பகைவன் அல்லன். பகைவன் ஒரு படத்தை ஐந்து முறை பார்க்கமாட்டான்.

ஒருகாலத்தில் பிடித்த படத்தை மறுபடி காண, அது திருநெல்வேலி நகரத்து அரங்குகளுக்கு மீண்டும் வரும்வரை காத்திருக்க வேண்டியிருந்தது. பின்னர் ஒளிநாடா வந்தது. செயற்கைக்கோள் தொலைக்காட்சி வந்தது. இன்று உள்ளங்கையிலேயே ஓடும் படத்தை நிறுத்தி, பின்னோக்கித் தள்ளி, பெரிதாக்கிப் பார்க்க இயல்கிறது. எடுத்தவர்கள் தொகுப்பு மேசையில் பார்த்ததைவிடக் கூர்மையாகப் பார்க்கும் வசதி ரசிகனுக்குக் கிடைத்துவிட்டது.

பொருநைக் கரையில் வாழ்பவர்களுக்கு இன்னொரு வகை வழுவும் தென்படும். அது இடத்தின் வழு. 1992இல் வெளிவந்த ‘ரோஜா’வின் கிராமக் காட்சிகள் தென்காசிக்கு அருகிலுள்ள சுந்தரபாண்டியபுரத்தில் எடுக்கப்பட்டவை. அன்று அது திருநெல்வேலி மாவட்டம். 2019 முதல் தென்காசி மாவட்டம். அப்படத்தின் புகழ்பெற்ற தொடக்கப் பாடலில் பாணதீர்த்த அருவியும் வருகிறது. வெளியூர் ரசிகனுக்கு வயலும் அருவியும் ஒரே ஊர். உள்ளூர் ரசிகனோ, சுந்தரபாண்டியபுரத்துப் பெண் ஒரு துள்ளலில் காரையாறு அணைக்கு அப்பால் போய் நிற்பதைக் கண்டு புன்னகை செய்கிறான். படத்தின் பிற்பகுதியில் வரும் காஷ்மீர்கூட, அங்கு நிலவிய கலவரச் சூழலால், மணாலியிலும் நீலகிரியிலும் உருவாக்கப்பட்டதே. அருவியை நோக்கிப் புன்னகைத்த அதே ரசிகன், நாயகி கணவனைத் தேடித் தவிக்கும் அந்தப் பனிமலைகளை ஐயுறவில்லை. ஆகவே வழு படத்தில் மட்டும் இருப்பதன்று. பார்ப்பவனின் அறிவிலும் இருக்கிறது. தெரிந்த நிலத்தில்தான் கால் இடறும்.

வேறொரு வகை மாறுபாடும் உண்டு. அதைக் குற்றம் என்றே சொல்ல இயலாது. 1967 ஜனவரி 12 அன்று எம்.ஆர். ராதா சுட்டதில் எம்.ஜி.ஆரின் கழுத்தில் குண்டு பாய்ந்தது. உயிர் பிழைத்தார், ஆனால் குரல் பழைய குரலாக இல்லை. அவ்வமயம் படப்பிடிப்பில் இருந்த ‘காவல்காரன்’ அதே ஆண்டில் பின்னர் வெளிவந்தது. அதைக் கூர்ந்து கேட்பவர்கள், நிகழ்ச்சிக்கு முன்னர்ப் பேசிய குரலையும் பின்னர்ப் பேசிய குரலையும் ஒரே படத்தில் கேட்கலாம். கதையின்படி அது ஒரே மனிதனின் குரல். இலக்கணப்படி மாறுகொளக் கூறல். ஆனால் அக்கதைக்குள் எழுத்தாளரும் இயக்குநரும் எழுதாத ஒரு செய்தி நுழைந்துவிட்டது. மாறிய குரலை மக்கள் மறுக்கவில்லை. அதனோடேயே அவரை ஏற்றுக்கொண்டனர். பின்வந்த படங்களிலும் அவர் தம் குரலிலேயே பேசினார். அவ்வழு, திருத்தத்தக்க பிழை அன்று, தழும்பு.

அன்புக்குரிய படைப்பில் வழுவைக் கண்டவன் அதனை என்ன செய்வது? கேள்வி புதியதன்று. திரைப்படம் வேரூன்றிக்கொண்டிருந்த காலத்திலேயே திருநெல்வேலி மண் இதற்கு இரு விடைகளைத் தந்தது.

முதல் விடை ரசிகமணி டி.கே.சி. அவர்களுடையது. வண்ணார்பேட்டையில் அவர் இல்லத்துத் தொட்டிக்கட்டில் கூடிய வட்டத்தொட்டி, இத்தகைய இலக்கிய வட்டங்களுக்கெல்லாம் முன்னோடி. கம்பனை அவர் ஒருமுறை படித்தவர் அல்லர். ஆயுள் முழுதும் படித்தவர். அவ்வாறு படிக்கப் படிக்க, காட்சியோடு ஒட்டாத பாடல்களும், உணர்ச்சியின் ஓட்டத்தைத் தடுக்கும் சொற்களும் அவருக்கு உறுத்தின. கம்பன் தவறியிருப்பான் என்று அவர் எண்ணவில்லை. பிறர் நுழைத்திருப்பர் என்று எண்ணினார். பல பாடல்களை இடைச்செருகல் என ஒதுக்கினார்; சில இடங்களில் சொற்களையும் மாற்றினார். ‘கம்பர் தரும் ராமாயணம்’ அவ்வாறு உருவானது. காதல் மிக்க தொகுப்பாளர், ஒட்டாத துண்டுகளைக் கத்தரித்து எடுத்த படம் அது.

இரண்டாம் விடை பேராசிரியர் எஸ். வையாபுரிப் பிள்ளை அவர்களுடையது. அவரும் இம்மாவட்டத்தவர், டி.கே.சி.யைப் போலவே சட்டம் பயின்றவர். அவருடைய வழி ஏட்டுச்சுவடி வழி. ஐயம் எழுந்த இடத்தில் பல சுவடிகளை ஒப்புநோக்கி, வேறுபாடுகளைப் பாடபேதமாகக் குறிப்பது அவ்வழி. உறுத்துகிறது என்பது ஆராய்ச்சிக்குத் தொடக்கமாகலாம். தீர்ப்பாகாது என்பதே அதன் சாரம்.

இவ்விரண்டில் எது சிறந்தது? டி.கே.சி. இல்லாவிடில் பல்லாயிரவர் கம்பனைச் சுவைத்திருக்கமாட்டார்கள். இது மறுக்கவொண்ணாத நன்றிக்கடன். ஆனால் அவர் ஒதுக்கிய பாடலை, அவருடைய பதிப்பை மட்டும் படிக்கும் வாசகன் காண்பதேயில்லை. ஒருவேளை அந்த உறுத்தலே கம்பனுடையதாக இருந்தால்? பெருங்கவிஞனும் கண் அயரலாம். ஹோமரின் இலியத்தில் ஐந்தாம் காண்டத்தில் கொல்லப்படும் பைலமெனீஸ் என்ற மன்னன், பதின்மூன்றாம் காண்டத்தில் தன் மகனின் பிணத்தின் பின்னே அழுதுகொண்டு செல்கிறான். பதிப்பாளர்கள் அம்மன்னனை இரண்டாம் முறை கொல்லவில்லை; குறிப்பெழுதி விட்டுவைத்தனர். செத்தவன் எழுந்துவந்து மகனுக்காக அழும் அவ்விடம் உலகுக்குக் கிடைத்திருப்பது அவர்களுடைய அடக்கத்தினால்தான்.

செர்வாண்டிஸ் கண்ட வழி இன்னும் சுவையானது. 1605இல் வெளிவந்த ‘டான் குவிஜோட்’ முதற்பாகத்தில், சாஞ்சோவின் கழுதை களவு போகிறது; பின்னர் விளக்கமேதுமின்றி அவன் அதன்மேல் ஏறி வருகிறான். வாசகர் சிரித்தனர். 1615இல் வெளிவந்த இரண்டாம் பாகத்தில், கதைமாந்தர்களே அப்பிழையைப் பற்றிச் சாஞ்சோவிடம் வினவுகின்றனர். எழுதியவர் தவறியிருக்கலாம், அல்லது அச்சடித்தவர் கவனக்குறைவாக இருக்கலாம் என்று அவன் விடையிறுக்கிறான். ஆசிரியர் தம் வழுவை மறைக்கவில்லை. அதற்கும் கதையில் ஓர் இருக்கை கொடுத்தார்.

மறைத்தலின் கலையை அறிய வேண்டுமாயின், பொதிகை அடிவாரத்துப் பெயரையே தாங்கிய படம் இருக்கிறது. ‘திருஷ்யம்’ என்ற மலையாளப் படத்தின் தமிழாக்கமாக, ஜீத்து ஜோசப் இயக்கத்தில் 2015இல் வெளிவந்தது ‘பாபநாசம்’. அதன் ஒரு பகுதி கேரளத்துத் தொடுபுழையில் எடுக்கப்பட்டது என்பதால், இடத்தின் வழுவைத் தேடுவோருக்கு அங்கும் வேலை உண்டு. ஆனால் அப்படத்தின் கதையே தொடர்ச்சியைப் பற்றியது. கேபிள் தொலைக்காட்சி நடத்தும் சுயம்புலிங்கம், இரவெல்லாம் படம் பார்த்துப் பார்த்தே உலகைக் கற்றவன். குடும்பத்தைக் காக்க, நடந்த நாளின் மேல் நடவாத நாள் ஒன்றைக் கட்டி எழுப்புகிறான். பேருந்துச் சீட்டு, உணவகச் சீட்டு, திரையரங்கச் சீட்டு, கண்டவர் சாட்சியம் எல்லாம் ஒன்றோடொன்று பொருந்துகின்றன. தேர்ந்த உதவி இயக்குநரின் குறிப்பேட்டில்கூட அத்தகைய பொருத்தத்தைக் காண்பது அரிது. அந்தப் பிசிறின்மையே விசாரிக்கும் உயர் அதிகாரியின் ஐயத்தை வளர்க்கிறது. ஒரு நாளை உண்மையில் வாழ்ந்தவர்கள், அதை நினைவுகூரும்போது எங்கேனும் முரண்படுவார்கள். ஒத்திகை பார்த்தவர்கள் மட்டுமே முரண்படமாட்டார்கள்.

இதனால் கவனக்குறைவுக்குப் புகழ்மாலை சூட்டுவதாகக் கொள்ளலாகாது. சோம்பலால் நேர்ந்த வழு வழுவே. மூன்றாம் அடியில் அமாவாசை என்று எழுதிவிட்டு ஏழாம் அடியில் நிலவைப் பொழியவிடும் கவிஞர், அதைக் கவித்துவம் எனக் காப்பாற்ற முயல்வது முறையன்று. அச்சேறும் முன்னர், ஓய்வான கண்ணோடு இரண்டாம் முறை படிப்பது எழுதுபவரின் கடமை. தம் கண் போதாதபோது நண்பர் கண்ணைக் கடன் வாங்குவதற்கே இலக்கிய வட்டங்கள் இருக்கின்றன.

அச்சேறிய பின்னரோ நிலைமை வேறு. கவிதை அப்போது வாசகருடையதும் ஆகிவிடுகிறது. இருபது வயதில் எழுதிய வரி ஐம்பது வயதில் உறுத்தும், மாற்றத் தோன்றும். மாற்றலாம். ஆனால் மாற்றிய இடத்தையும் பழைய சொல்லையும் அடிக்குறிப்பிலேனும் சொல்லிவிட வேண்டும். சொல்லாமல் மாற்றுவது, இளமையில் வாழ்ந்த நாளின்மேல் வேறொரு நாளைக் கட்டுவதாகும். இரு குரல்களும் ஒரே தொகுப்பில் ஒலிப்பதனால் எக்கவிஞரும் சிறுமைப்படப் போவதில்லை.

வாசகருக்கும் ஒரு வேண்டுகோள் உண்டு. பிடித்த நூலில் வழுவைக் கண்டால் ஓரத்தில் மெல்லிய பென்சிலால் குறித்து வையுங்கள். மையால் அடிக்க வேண்டா. அடுத்து அந்நூலை எடுப்பவர், அவ்விடத்தில் ஒருவர் நின்று பார்த்திருக்கிறார் என்பதை அறிந்துகொள்வார். வழுவா தழும்பா என்பதை அவரே தீர்மானித்துக்கொள்வார்.