முதல் மோட்டார் சைக்கிளும் அதற்கு முற்பட வேண்டிய கவசமும்

(நம் சங்க ஆண்டு விழாவின் இளைஞர் கூட்டத்தில் யாம் நிகழ்த்திய சொற்பொழிவு)



இலக்கணமும் இலக்கியமும் கற்பித்துக் காலங்கழிக்கும் எமக்கு, மோட்டார் சைக்கிளைப்பற்றிப் பேசும் பணியைக் காரியதரிசி அவர்கள் அளித்தபொழுது அன்பர் பலர் நகைத்தனர். எழுத்தெண்ணிப் படித்தவனுக்கு எந்திரத்தைப்பற்றி என்ன தெரியும் என்பது அவர்தம் ஐயம். அவ்வையம் நேரியதே. எந்திர நூல் யாம் கற்றதில்லை. ஆயினும், ஊரிலிருந்து 18 கிலோமீட்டர் தொலைவிலுள்ள பள்ளிக்கு மாற்றப்பெற்று, பஸ் வசதி இன்மையால், எமது 41-ஆம் வயதில் மோட்டார் சைக்கிள் ஓட்டக் கற்றோம். வாலிபத்திற் கற்றவர் தாம் கற்ற வகையை மறந்துவிடுவர்; நரை தோன்றியபின் கற்றவனுக்கோ ஒவ்வொரு வீழ்ச்சியும் நினைவில் நிற்கும். அந்நினைவே இன்று எமக்குள்ள ஒரே தகுதி.

மற்றொரு காரணமும் உண்டு. அதனை முதற்கண் கூறிவிடுதலே முறை.

எம் தமக்கையாரின் மகன், எம்மிடமே தமிழ் பயின்றவன். செய்யுளை ஒருமுறை கேட்ட அளவில் ஒப்பிக்கும் ஆற்றல் உடையவனாயிருந்தான். 19-ஆம் வயதில் அவனுக்கு வண்டி வாங்க யாமும் உடன்சென்றோம். ஒன்றரை இலட்சம் ரூபாய்க்கு அவன் விரும்பிய வண்டி முடிந்தது. அதன்பின் அவன், “மாமா, தலைக்கவசம் எது வாங்கலாம்?” என்று வினவினான். கையிருப்பு அனைத்தும் வண்டிக்கே சென்றுவிட்டபடியால், பாதையோரத்தில் 300 ரூபாய்க்கு விற்ற ஒன்றைக் காட்டி, “இப்போதைக்கு இது போதும்” என்று கூறியவர் பிறரல்லர், யாமே. இரண்டாம் மாதத்தில் ஓர் ஆடு குறுக்கே ஓடிற்று. வண்டி சாய்ந்தது. கன்னப்பட்டையின் பூட்டு முன்னரே ஒடிந்திருந்தபடியால், அவன் தலை தரையைத் தொடுமுன்னர்க் கவசம் தலையைவிட்டு அகன்றது. உயிர் பிழைத்தான். ஆயின் இன்று, தன் தாயை அழைப்பதற்கே சொல்லைத் தேடுகின்றான்.

அன்பர்களே! இரக்கம் வேண்டி இதனைக் கூறினோமல்லோம். இந்நிலை எம் குடும்பத்திற்கு மட்டும் உரியதன்று. இந்திய அரசாங்கத்தார் வெளியிட்ட கணக்கின்படி, 2022-ஆம் ஆண்டில் நம் நாட்டுச் சாலை விபத்துக்களில் மாண்டோர் 1,68,491 பேர். அவருள் தலைக்கவசம் அணியாது மாண்டோர் 50,029 பேர். இவ்வைம்பதினாயிரவரில் 14,337 பேர் வண்டியை ஓட்டினவரும் அல்லர். பின்னிருக்கையில் அமர்ந்து சென்றவர். இவ்வெண்ணைத் தாய்மார்கள் நினைவில் இருத்துக. பின்னர் இதற்கு மீள்வோம்.

இன்று யாம் சொல்ல வந்தது ஒன்றே. நாம் முதலில் வண்டியை வாங்குகின்றோம்; எஞ்சிய பணத்தில் கவசத்தை வாங்குகின்றோம். இவ்வரிசை தலைகீழாக மாறுதல் வேண்டும். கவசத்திற்குரிய பணத்தை முதலில் எடுத்து வைத்துவிட்டு, எஞ்சியதற்கு எவ்வண்டி கிடைக்குமோ அதனையே வாங்குக.

இனி, வண்டிக்கு முற்பட்ட தகுதியைப்பற்றிச் சிறிது கூறுவோம். கியர் உள்ள மோட்டார் சைக்கிளை ஓட்ட 18 வயது நிரம்ப வேண்டும். முதலில் பயிலுநர் லைசென்சு; அது பெற்று 30 நாள் கழிந்த பின்னரே நிலையான லைசென்சுக்குரிய பரீட்சை. பயிலுங் காலத்தில், கற்பிக்கும் லைசென்சுதாரர் நீங்கலாக வேறெவரையும் பின்னால் ஏற்றுதல் ஆகாது. “பையன் கால் எட்டுகின்றதே” என்று 15 வயதுச் சிறுவனிடம் சாவியைக் கொடுக்கும் தந்தையர் நம்மிடையேயும் உளர். 2019-இல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டத்தின்படி, அதற்காகப் பெற்றோருக்கு மூன்றாண்டு வரை சிறைத் தண்டனையும் 25,000 ரூபாய் அபராதமும் உண்டு. வண்டியின் பதிவு ஓராண்டு ரத்தாகும். அச்சிறுவனுக்கு 25 வயது வரை லைசென்சு கிட்டாது. இது செல்லமன்று, சிறுவனுக்குச் செய்யும் தீங்கு.

நிற்க. வண்டியைத் தெரிந்தெடுக்கும் வகையாதெனின், அதன் அழகை நோக்காது, முதலில் எடையை நோக்குக. எமது முதல் வீழ்ச்சி ஓடும் வண்டியினின்று நிகழ்ந்ததன்று. நின்ற வண்டியிலேயே வீழ்ந்தோம்! நண்பர் ஒருவரின் 350 சி.சி. வண்டியை இரவல் பெற்று, பள்ளி வாயிலில் மணலிற் கால் ஊன்றினோம். கால் வழுக்கிற்று, வண்டி சாய்ந்தது, அதனைத் தாங்கும் வலிமை எமக்கில்லை. மாணவர் முப்பதின்மர் ஓடிவந்து, பாதி நகைப்பும் பாதி இரக்கமுமாக எம்மைத் தூக்கி நிறுத்தினர். 100 சி.சி. வண்டி ஒன்றின் எடை ஏறத்தாழ 110 கிலோ. புல்லட் போன்றதன் எடை ஏறத்தாழ 195 கிலோ. 1955-இல் சென்னையில் என்ஃபீல்டு இந்தியா தோன்றிய நாள்தொட்டுப் புல்லட்டின்மேல் நம் நாட்டாருக்குள்ள மோகத்தை யாம் குறைகூறவில்லை. ஆயினும், யானை ஏற்றம் பழகுவோன் முதல்நாளே பட்டத்து யானைமேல் ஏறுவதில்லை.

இரண்டாவது, இருக்கையின் உயரம். வண்டியின்மேல் அமர்ந்தால் இரண்டு குதிகால்களும் நிலத்திற் படிதல் வேண்டும். நுனிவிரல் மட்டும் எட்டுமாயின் அவ்வண்டி அவருக்குரியதன்று. அமர்ந்து பார்த்தால் மட்டும் போதாது. எந்திரத்தை இயக்காமலே இருபது அடி தள்ளிச்சென்று, திருப்பி, ஸ்டாண்டில் நிறுத்திப் பார்த்தல் வேண்டும். அது கைக்கு அடங்குமாயின் ஓட்டத்திலும் அடங்கும்.

மூன்றாவது, ஆற்றல். 100 முதல் 125 சி.சி. வரையுள்ள வண்டி புதிதாகக் கற்பவருக்குப் போதியது. வேகம் இருமடங்கானால் பிரேக்குப் பிடித்தபின் வண்டி ஓடி நிற்கும் தூரம் நான்கு மடங்காகும் என்பது பௌதிக நூலார் கூற்று. 30 கிலோமீட்டர் வேகத்தில் அடக்கக் கற்காதவன் 60-ஐ அடக்குவது எங்ஙனம்? 1980-இல் ஓசூரினின்று வெளிவந்த டி.வி.எஸ். 50 என்னும் சிறு வண்டியில் நம் தந்தையர் நெல் மூட்டையும் பால் கேனும் ஏற்றிக் குடும்பங்களை முன்னுக்குக் கொணர்ந்தனர். சிறு வண்டியால் மதிப்புக் குன்றும் என்பது வீண் எண்ணம்.

நான்காவது, பிரேக்கு. பதற்றத்தில் இறுகப் பிடித்தால் சக்கரம் சுழலாது சிக்கி வழுக்குவதைத் தடுக்கும் கருவி ‘ஏ.பி.எஸ்.’ எனப்படும். 125 சி.சி.க்கு மேற்பட்ட புதிய வண்டிகளுக்கு 2019 ஏப்ரல் முதல் இது கட்டாயம். ஆதலின் பழைய வண்டி வாங்குவோர் இஃது உண்டா என வினவி அறிக. டயரின் தேய்வு, இன்ஷூரன்சு, ஆர்.சி. புத்தகத்திலுள்ள எண்ணும் வண்டியிற் பொறித்த எண்ணும் ஒத்திருத்தல் ஆகியவற்றையும் நோக்குக.

ஐந்தாவது, பலரும் சிறிதென எண்ணுவது: ‘சாரி கார்டு’ என வழங்கும் சேலைத் தடுப்பு. பின்சக்கரத்தின் பாதியையேனும் மறைக்கும் தடுப்பு வேண்டும் என்பது 1989-ஆம் ஆண்டின் மோட்டார் வாகன விதி. தோற்றம் கெடுகின்றதென்று இதனைக் கழற்றி எறியும் இளைஞர், தம் அன்னையின் முந்தானை சக்கரத்திற் சுற்றினால் என்னாகும் என்பதை எண்ணுவாராக.

இனிக் கவசத்தைப்பற்றிப் பேசுவோம். தலைக்கவசம் போலீசாருக்காக அணியப்படுவது என்பது நம் ஜனங்களிற் பலரின் கருத்து. அது தோன்றிய வரலாறு அவ்வாறன்று. அரேபியப் போரிற் புகழ்பெற்ற லாரன்ஸ் என்னும் ஆங்கிலேயர், 1935 மே 13-ஆம் நாள் இங்கிலாந்தில் தமது மோட்டார் சைக்கிளிற் சென்றுகொண்டிருந்தார். சைக்கிளில் வந்த சிறுவர் இருவர்மேல் மோதாதிருக்க வண்டியைத் திருப்பியதில் தூக்கி எறியப்பட்டுத் தலையில் அடிபட்டு, ஆறு நாள் நினைவின்றிக் கிடந்து மாண்டார். அவருக்கு வயது 46. போரில் குண்டுக்குத் தப்பியவரை ஒரு சிற்றூர்ப் பாதை கொண்டது. அவரைப் பார்த்த வைத்தியர்களுள் ஒருவர் ஹியூ கெய்ர்ன்ஸ் என்னும் மூளை வைத்தியர். அவர் அத்துடன் வாளாவிராது, மோட்டார் சைக்கிளிற் சென்று தலையில் அடிபட்டோரை ஆராய்ந்து 1941-இல் கட்டுரை வெளியிட்டார். அவ்வாண்டு நவம்பரிலேயே பிரிட்டிஷ் இராணுவத்தார் தம் மோட்டார் சைக்கிள் வீரருக்குத் தலைக்கவசத்தைக் கட்டாயமாக்கினர். பொதுஜனங்களுக்கு அந்நாட்டில் அது கட்டாயமானது 1973-இல்தான். அறிவு தோன்றுவதற்கும் அது வழக்கமாவதற்கும் இடையே 32 ஆண்டுகள்! அவ்விடைவெளியில் மாய்ந்தோர் எத்துணையரோ! 2008-இல், 61 ஆராய்ச்சிகளைத் தொகுத்து நோக்கிய அறிஞர், தலைக்கவசம் மரணத்தை நூற்றுக்கு 42 பங்கும், தலைக்காயத்தை நூற்றுக்கு 69 பங்கும் குறைக்கின்றது என்று கண்டனர்.

அது காக்கும் வகை யாது? மேலோடு மட்டுமே காப்பதன்று. உள்ளே தெர்மோகோல் போன்றதொரு திணிப்பு உளது. அடி விழுங்கால் அது தான் நசுங்கி, மூளைக்குச் செல்லும் அதிர்ச்சியைத் தான் வாங்கிக்கொள்ளுகின்றது. ஆகவே, ஒருமுறை பலமாக அடிபட்ட கவசம் வெளியே பழுதின்றித் தோன்றினும் உள்ளே தன் கடனை முடித்துவிட்டது. அதனை மாற்றிவிடுதல் வேண்டும். இத்திணிப்பின்றி வெறும் பஞ்சு வைத்து விற்பது கவசமன்று; தொப்பியே. ஐ.எஸ். 4151 என்னும் தரத்திற்கு இசைந்து ஐ.எஸ்.ஐ. முத்திரை பெற்ற கவசமே விற்கப்பட வேண்டும் என்பது 2021 ஜூன் முதல் நம் நாட்டுச் சட்டம்.

அதனைத் தெரியும் முறை இது: புருவத்திற்குச் சற்று மேலே, தலையைச் சுற்றி அளவு நாடாவால் அளந்துகொள்க. அவ்வளவுடைய கவசத்தை அணிந்தால் கன்னங்கள் சிறிது அழுந்த வேண்டும். தலையை அசைத்தால் தலையோடு அதுவும் அசைய வேண்டும். கன்னப்பட்டையைப் பூட்டிப் பின்புறமிருந்து முன்னோக்கித் தள்ளினால் கழன்று வரலாகாது. பட்டைக்கும் தாடைக்கும் இடையே இரண்டு விரல் நுழையும் அளவே இடம் இருத்தல் வேண்டும். தாடையும் மூடும் முழுக்கவசமே சிறந்தது. கறுப்புக் கண்ணாடி இரவில் ஆகாது. பூட்டப்படாத கவசம் கவசமன்று என்பதை எம் குடும்பம் பெருவிலை கொடுத்துக் கற்றது.

மற்றைய அங்கங்களுக்கு வருவோம். வீழ்பவன் தன்னை அறியாமலே கையை ஊன்றுவான். ஆதலிற் கையுறை வேண்டும். கியர் மாற்றுவதும் காலூன்றுவதும் பாதமாதலின், கணுக்காலை மூடும் பாதரட்சை வேண்டும். இரப்பர்ச் செருப்பு உதவாது. நீண்ட தூரம் செல்வோர் தோளிலும் முழங்கையிலும் காப்பு வைத்த மேலங்கி அணிதல் நன்று. நம் வெயிலுக்கேற்பக் காற்று நுழையும் வலைத்துணியாலும் அவை கிடைக்கின்றன. வேட்டி நம் பெருமைக்குரிய உடையே. யாமும் அதனையே உடுப்பவர். ஆயினும் அதன் தலைப்புச் சக்கரத்திலோ சங்கிலியிலோ சிக்கும். ஆதலின் யாம் காற்சட்டையணிந்து சென்று, பள்ளியில் வேட்டிக்கு மாறுகின்றோம். இதில் நாணுதற்கு என்ன உளது?

“வியர்க்கின்றது, முடி உதிர்கின்றது, அடுத்த தெருவுக்குத்தானே” என்பன நாம் கேட்கும் மறுப்புக்கள். வியர்த்தால் துடைத்துக்கொள்ளலாம். முடி உதிர்ந்தவர் பலர் நலமே வாழ்கின்றனர். மேடையிலேயே சிலர் உளர்! அடுத்த தெருவிலும் தரை கல்லாகவே உளது.

ஓட்டும் முறையைப்பற்றி ஒன்றே சொல்லி முடிப்போம். 1981-இல் அமெரிக்காவில் ஹர்ட் என்பவர் 900 மோட்டார் சைக்கிள் விபத்துக்களை நேரில் ஆராய்ந்து வெளியிட்ட அறிக்கையில், ஓட்டினவருள் நூற்றுக்கு 92 பேர் தாமாகவோ உறவினர் நண்பரிடமோ கற்றவர் என்றும், ஆபத்துக் காலத்தில் பின் பிரேக்கை மிதித்து வழுக்கியும், முன் பிரேக்கைப் போதிய அளவு பிடியாமலும் விட்டனர் என்றும் கண்டார். பிரேக்குப் பிடிக்குங்கால் பாரம் முன்சக்கரத்திற் சாய்வதால் நிறுத்தும் ஆற்றலும் அங்கேயே மிகுதி. இரண்டையும் ஒருங்கே, படிப்படியாக அழுத்திப் பிடிப்பதை வெறுந்திடலில் ஒரு மாதம் பழகுக. அதன்பின் சாலைக்கு வருக.

முடிவாக, இச்சபையின் முன் ஒரு விண்ணப்பம். நம்மவர் மணங்களில் மாப்பிள்ளைக்கு வண்டி வாங்கித் தரும் வழக்கம் பரவியுள்ளது. அவ்வழக்கம் தகுமா என்பது வேறொரு நாளைக்குரிய வாதம். ஆயின் வண்டி வைக்கும் இடத்தில் இரண்டு தலைக்கவசங்கள் வைக்கப்பட வேண்டும்; ஒன்று மணமகளின் தலைக்கு அளவெடுத்து வாங்கியதாயிருத்தல் வேண்டும். முன்னர்க் கூறிய 14,337 என்னும் எண்ணை நினைவு கூர்க. 4 வயதுக்கு மேற்பட்ட எவருக்கும், ஓட்டுபவருக்கும் பின்னமர்பவருக்கும் ஒக்க, அது கட்டாயம் என்பதே சட்டமும். இதனை நம் சங்கத்தார் ஒரு தீர்மானமாக நிறைவேற்றுவார்களாயின், யாம் பேசியதன் பயன் முற்றும் பெற்றோமாவோம்.

தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போயிற்று என்பது நம் முதியோர் பழமொழி. தலைப்பாகை இருந்தாலன்றோ அதனோடு போகும்? வெறுந்தலைக்கு வந்தது தலையோடேதான் போகும். எம் மருமகனுக்கு யாம் அன்று சொல்லத் தவறியதை, நம் இளைஞர் அனைவருக்கும் இன்று சொல்லிவிட்டோம்.