கல்லை யார் புரட்டுவார்?

(கூட்டமைப்புக் கூட்டத்தில் ஈஸ்டரை ஒட்டி உறுப்பினர் ஒருவர் பேசியது)



முதல் ஈஸ்டர் அன்னைக்கு விடியக்காலையில இயேசுவோட கல்லறைக்குப் போனது பெண்கள்தான். வாசலை அடைச்ச பெரிய கல்லை யார் புரட்டித் தருவாங்கன்னு பேசிக்கிட்டே போனாங்க. ஆனாலும் பாதியில திரும்பல. போய்ப் பார்த்தா கல் புரண்டு கிடந்தது. விசுவாசம்னா இதுதான். கல் விலகட்டும், அப்புறம் போவோம்னு உட்கார்ந்திருக்கிறது விசுவாசம் ஆகாது.

நம்ம பாளையங்கோட்டையிலயே இதுக்கு ஒரு சாட்சி உண்டு. கணவரை இழந்த பிராமணப் பெண் கிளாரிந்தா அம்மாள். ஒரு ஆங்கிலேய அதிகாரியோட திருமணம் ஆகாம வாழ்ந்ததால, சுவார்ட்ஸ் ஐயர் முதல்ல அவங்களுக்கு ஞானஸ்நானம் தர மறுத்துட்டார். அவங்க விசுவாசத்தை விடல. அந்த அதிகாரி இறந்த பிறகு, 1778-ல ஞானஸ்நானம் கிடைச்சது. 1780-ல எழுதின சபைப் பதிவுல 40 பேர் இருந்தாங்க. அதுல முதல் பெயர் இவங்களோடதுதான். இவங்க முயற்சியில 1785-ல எழும்பின ஆலயத்தை 'பாப்பாத்தி அம்மாள் கோயில்'னு ஜனங்க சொல்றாங்க.

கடன் தவணை, பிள்ளைங்க படிப்பு, வீட்டுக்காரர் குடின்னு நம்ம ஒவ்வொருத்தர் வாசல்லயும் ஒரு கல் கிடக்கு. நான் இயேசுவை நம்புறேன். நீங்க திருமலை முருகனைக் கும்பிடலாம். கும்பிட்ட கையோட எழுந்து நடப்போம். தனியாப் போக வேண்டாம். அந்தப் பெண்களும் சேர்ந்துதான் போனாங்க.