மீண்டும் திறக்கும் பள்ளிக் கதவு

(வெள்ளிவிழாக் கருத்தரங்கில் ஆற்றிய உரை)



இடையில் நின்றுபோன பள்ளிப் படிப்பை மீண்டும் தொடர்வது பற்றிப் பேசுமாறு என்னைப் பணித்துள்ளீர்கள். படிப்பு நிற்பதற்கு வறுமையே காரணம் என்று கூறி அமர்ந்துவிடுவது எளிது. ஆயினும் நம் வீடுகளில் உரக்கப் பேசப்படாத மற்றொரு காரணமும் உண்டு. அது பருவ வயதில் தோன்றும் காதலும், அதனைக் கண்டு பெற்றோர் கொள்ளும் அச்சமும் ஆகும்.

ஒன்பதாம் வகுப்போ பத்தாம் வகுப்போ படிக்கும் பெண்ணின் புத்தகத்துள் ஒரு கடிதம் அகப்படுகிறது. இந்நாளில் கைப்பேசியில் ஒரு செய்தி. மறுநாள் முதல் அவள் பள்ளிக்கு வருவதில்லை. அடுத்த மாதமே மாப்பிள்ளை தேடத் தொடங்குகின்றனர். பையன் வெளியூருக்கு வேலைக்கு அனுப்பப்படுகிறான். சில ஆண்டுகள் சென்றால் அக்கடிதம் எவர் நினைவிலும் இராது. நின்றுபோன படிப்போ வாழ்நாள் முழுவதும் குறையாகவே உடன்வரும்.

பெற்றோரின் அச்சம் பொருளற்றது என்று நான் கூறமாட்டேன். 2012 நவம்பரில், சாதி கடந்த ஒரு திருமணத்தைக் காரணம் காட்டி, தருமபுரி மாவட்டத்தில் நத்தம் காலனி, அண்ணா நகர், கொண்டம்பட்டி ஆகிய குடியிருப்புகளில் நம் மக்களின் வீடுகள் எரிக்கப்பட்டதை நாம் மறக்கவில்லை. ஆனால் அவ்வச்சத்திற்கு மருந்து படிப்பை நிறுத்துவதன்று. பள்ளியை விட்ட பெண்ணுக்கு ஆசிரியரின் அறிவுரையும் இல்லை, தோழியரின் துணையும் இல்லை, திருமணத்தைத் தவிர வேறொரு எதிர்காலமும் இல்லை. 18 வயது நிறையாத பெண்ணுக்கு மணமுடித்து வைப்பது 2006ஆம் ஆண்டின் குழந்தைத் திருமணத் தடைச் சட்டப்படி குற்றமும் ஆகும்.

மாணவச் செல்வங்களுக்கும் ஒரு சொல். அன்பு தோன்றுவது குற்றமன்று. ஆனால் உண்மை அன்புக்குக் காத்திருக்கத் தெரியும். உன் புத்தகத்தை மூடச் சொல்லும் அன்பு உனக்கு நலம் தருவதன்று. புத்தகத்தைத் திறந்து தருவதே அன்பு.

இதற்குச் சான்று வெறும் கற்பனையன்று. 1840இல் சாவித்திரிபாய் பூலே மணமுடிக்கப்பட்டபோது அவருக்கு வயது 9, எழுத்தறியாதவர். கணவர் ஜோதிராவுக்கு வயது 13. அவரது பள்ளிப் படிப்பும் இடையில் நின்றிருந்தது. 1841இல் ஜோதிராவ் மீண்டும் பள்ளியில் சேர்ந்தார். தாம் கற்றதை மனைவிக்கும் கற்பித்தார். ஆசிரியப் பயிற்சியும் பெற்ற அவ்வம்மையார் 1848இல் புனே நகரில் கணவருடன் பெண்களுக்கெனப் பள்ளி தொடங்கினார். பகலெல்லாம் உழைத்தோர்க்காக 1855இல் இரவுப் பள்ளியும் நடத்தினர். படிப்பு நின்ற ஒருவரும் படிப்பே அறியாத ஒருவரும் இல்வாழ்க்கையையே பள்ளியாக்கிக் கொண்ட வரலாறு இது.

1868இல் அவ்வம்மையார் தம் கணவருக்கு எழுதிய கடிதம் ஒன்று உண்டு. பிராமண இளைஞன் ஒருவனும் மகர் குலப் பெண் ஒருத்தியும் காதலித்ததற்காக ஊரார் அவர்களைக் கொல்ல முற்பட்டனர். சாவித்திரிபாய் விரைந்து சென்று, சட்டத்தை எடுத்துக் கூறித் தடுத்து, இருவரையும் உயிரோடு மீட்டுப் புனேவுக்கு அனுப்பினார். கூட்டத்தின் நடுவே நின்று சட்டம் பேசும் துணிவை அவருக்குத் தந்தது கல்வியே என்பது என் துணிபு.

இனி, இன்று திறந்திருக்கும் வழிகளைக் கூறுகிறேன். 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டப்படி, 14 வயதுக்குட்பட்டு இடைநின்ற பிள்ளை வயதுக்கேற்ற வகுப்பில் சேரலாம். சிறப்புப் பயிற்சியும் உண்டு. 14 வயதைக் கடந்த பின்னரும் எட்டாம் வகுப்பு முடியும்வரை கட்டணமின்றித் தொடரலாம். பத்தாம் வகுப்பில் தவறியவர் தவறிய பாடங்களை மட்டும் துணைத்தேர்வில் எழுதி, அதே ஆண்டில் மேல்வகுப்பில் சேரலாம். பள்ளியை விட்டுப் பல ஆண்டுகள் ஆனவர் தனித்தேர்வராக எழுதலாம். 1989இல் தொடங்கப்பட்ட தேசியத் திறந்தநிலைப் பள்ளியில் சேர்ந்து, ஐந்தாண்டுக்குள் பாடங்களைச் சிறிது சிறிதாகவும் முடிக்கலாம். அரசுப் பணியை நாடுவோர் மட்டும், எச்சான்றிதழ் ஏற்கப்படும் என்பதை முன்கூட்டியே கேட்டறிதல் நலம்.

மூவலூர் இராமாமிர்தம் அம்மையார் பெயரில் 1989 முதல் வழங்கப்பட்ட திருமண உதவி, 2022இல் அரசுப் பள்ளியில் பயின்ற பெண்களின் உயர்கல்விக்கு மாதம் 1,000 ரூபாய் வழங்கும் திட்டமாக மாற்றப்பட்டது. பெண்ணுக்கு எதைச் சேர்த்து வைக்க வேண்டும் என்பதில் அரசின் எண்ணமே மாறிவிட்டது. பெற்றோரின் எண்ணமும் மாற வேண்டாமா?

எங்கள் பள்ளியில் ஒன்பதாம் வகுப்போடு நின்று மணமான பெண்ணொருத்தி, பதினொரு ஆண்டுகள் கழித்துச் சான்றிதழ் கேட்டு வந்தாள். “ஐயா, இந்த வயதில் எழுதினால் சிரிப்பார்களோ?” என்று கேட்டாள். உடன் வந்த கணவர், “சிரிப்பவர்கள் சிரிக்கட்டும், மாலையில் குழந்தையை நான் பார்த்துக்கொள்கிறேன்” என்றார். அவள் இரண்டு முறை கணக்கில் தவறி, மூன்றாம் முறை தேறினாள். அக்கணவர் கூறிய சொற்களைவிடச் சிறந்த காதல் மொழியை நான் கேட்டதில்லை.

ஆகவே இவ்வெள்ளிவிழா ஆண்டில் சங்கத்திற்கு மூன்று வேண்டுகோள்கள். இடைநின்றோரின் பெயர்களை வீடு வீடாகச் சென்று பதிவு செய்யுங்கள். தனித்தேர்வு விண்ணப்பம் நிரப்ப ஒருவரைப் பொறுப்பாக்குங்கள். மாலையில் ஓர் அறையையும் ஒரு விளக்கையும், தாயுடன் வரும் குழந்தைக்கு ஒரு பாயையும் ஒதுக்குங்கள்.

பெற்றோர்களே, பிள்ளையின் புத்தகத்தில் கடிதம் கண்டால் கடிதத்தைப் பற்றிப் பேசுங்கள், புத்தகத்தைப் பறிக்காதீர்கள். முன்னரே பறித்திருந்தால், வரும் தேர்வுக்கு முன் அதனைத் திரும்பக் கொடுங்கள்.