நோன்பாளியும் மருத்துவரும்

(அறக்கட்டளையின் மருத்துவ முகாமில் ஆற்றிய உரை)



பெரியோர்களே, தாய்மார்களே! ரமலானுக்கு இன்னும் இரண்டு மாதம் இருக்கிறது. முகாமுக்கு வந்திருக்கும் மருத்துவர்களும் இங்கே அமர்ந்திருப்பதால் இரு தரப்பாருக்கும் சேர்த்தே பேசுகிறேன்.

சர்க்கரை நோயுள்ள நம் பெரியவர்கள் பலர், நோன்பு வைப்பதை மருத்துவரிடம் சொல்வதே இல்லை. சொன்னால் "நோன்பெல்லாம் வேண்டாம்" என்று ஒரே வார்த்தையில் முடித்துவிடுவாரே என்ற பயம். பிறகு தாங்களாகவே மாத்திரையை விட்டுவிடுகிறார்கள். அல்லது வழக்கமான அளவை ஸஹரில் போட்டுக்கொண்டு பகல் முழுவதும் பட்டினி இருக்கிறார்கள். கிளிமிபிரைடு, கிளிபென்கிளமைடு போன்ற மாத்திரைகளும் இன்சுலினும் வயிறு காலியாக இருந்தாலும் சர்க்கரையை இறக்கிக்கொண்டே இருக்கும். அஸருக்குப் பிறகு வாப்பாவுக்கு வியர்த்து, கை நடுங்கி, பேச்சுக் குழறுகிறது. நோன்புக் களைப்பு என்று வீட்டார் படுக்க வைத்துவிடுகிறார்கள். அது களைப்பு அல்ல. நினைவு இருந்தால் உடனே சர்க்கரைத் தண்ணீர் கொடுங்கள். நினைவு தப்பியிருந்தால் வாயில் எதையும் ஊற்றாமல் 108ஐ அழையுங்கள்.

2001இல் 13 நாடுகளில் 12,000க்கும் மேற்பட்டோரிடம் நடந்த 'எபிடியார்' ஆய்வில், இரண்டாம் வகைச் சர்க்கரை நோயாளிகளில் 79 சதவீதம் பேர் ரமலானில் குறைந்தது 15 நாள் நோன்பு வைத்திருந்தார்கள். ஆகவே மருத்துவர்களே, வேண்டாம் என்று சொல்வதோடு உங்கள் வேலை முடிவதில்லை. "நோன்பு வைப்பீர்களா?" என்று நீங்களே முதலில் கேளுங்கள். இப்போது கேட்டால்தான் மருந்தின் அளவையும் நேரத்தையும் மாற்றிப் பார்க்க அவகாசம் கிடைக்கும்.

நம்மவர்களுக்கு ஒன்று. விரலில் குத்திச் சர்க்கரை பார்ப்பதால் நோன்பு முறியாது. அளவு 70க்குக் கீழே இறங்கினாலோ 300க்கு மேல் ஏறினாலோ அப்போதே நோன்பை விட்டுவிடுங்கள். மஃரிபுக்குப் பத்து நிமிடம்தானே என்று காத்திருக்காதீர்கள். நோயாளிக்குச் சலுகை தந்திருப்பது சூரா பகராவின் 184, 185ஆம் வசனங்கள், மருத்துவர் அல்ல.

தாய்மார்களே, ஆண் மருத்துவர் பரிசோதிக்கும்போது உடன் ஒரு பெண் இருக்க வேண்டும் என்று கேட்பது அடம் இல்லை. தேசிய மனித உரிமை ஆணையம் தயாரித்த நோயாளிகள் உரிமைச் சாசனத்திலேயே அது இருக்கிறது. கூச்சத்தால் மார்பில் உள்ள கட்டியை மாதக்கணக்கில் மறைப்பவர்களை நினைத்துத்தான் இதைச் சொல்கிறேன். வாய்விட்டுக் கேளுங்கள், நர்ஸம்மா வந்து நிற்பார்.

இன்று சீட்டு வாங்கியவர்கள், சாப்பிடும் மாத்திரைகளின் பெயரையும் வேளையையும் அதன் பின்புறம் எழுதிக்கொண்டு உள்ளே போங்கள். வஸ்ஸலாம்.