சிவப்பு அட்டை



மலேசியாவில் ஒருவர் குடிமகனா இல்லையா என்று தெரிந்துகொள்ள அவருடைய அடையாள அட்டையைப் படிக்கவே வேண்டாம். நிறத்தைப் பார்த்தால் போதும். நீலம் குடிமகன், சிவப்பு நிரந்தரவாசி, பச்சை தற்காலிகவாசி. 1948இல் அவசரகாலத்தின்போது 12 வயது நிரம்பியோருக்கு அட்டையைக் கட்டாயமாக்கினார்கள். 2001இல் அது மைகார்டு ஆனது, உள்ளே சில்லும் வந்தது. நிறப் பிரிவினை மட்டும் போகவில்லை.

சிவப்பு ஐசி, அதாவது சிவப்பு அடையாள அட்டை, என்றால் மலேசியத் தமிழர்களான நம்மவர்களுக்கு விளக்கம் தேவையில்லை. 1957 ஆகஸ்டு 31 முதல் 1962 செப்டம்பர் முடிய இந்நாட்டில் பிறந்தவர் தாமாகவே குடிமகன். அதற்கு முன் தோட்டத்தில் பிறந்தவர்களில் ஏராளமானோர் குடியுரிமையை விண்ணப்பித்துத்தான் பெற வேண்டியிருந்தது. பலரிடம் பிறப்புப் பத்திரம் இல்லை. பட்டணத்துக்குப் போனால் அன்றைய கூலி போச்சு. கையில்தான் ஓர் அட்டை இருக்கிறதே என்ற நம்பிக்கையும் அவர்களைத் தடுத்தது என்று நான் கருதுகிறேன். 1968இல் வேலைக் கட்டுப்பாட்டுச் சட்டம் வந்து, குடிமக்கள் அல்லாதார் வேலை பெர்மிட் வாங்க வேண்டும் என்றபோதுதான் நிறத்தின் பொருள் உறைத்தது. பிறந்த மண்ணை விட்டு நாகப்பட்டினத்துக்கும் சென்னைக்கும் கப்பலேறிய குடும்பங்கள் பல.

தங்கிவிட்டவர்கள் இன்று முதியவர்கள். வங்கி முகப்பில் ஒரு பாட்டி, கைப்பைக்குள் அட்டையை வைத்தபடியே எண்ணை மட்டும் வாயால் சொல்வதைப் பார்த்திருக்கிறேன். அந்த வயதில் அவர் எதை மறைக்க வேண்டும்? ஏன் மறைக்க வேண்டும்?

எல்லா அட்டைகளுக்கும் ஒரே நிறம் போதாதா? நிறப் பிரிவினை இல்லாவிட்டால் மோசடி பெருகும் என்பார்கள். ஆனால் பெட்ரோல் நிலையத்தைப் பாருங்கள். 2025 செப்டம்பர் 30 முதல் குடிமக்களுக்கு ரோன்95 பெட்ரோல் லிட்டர் 1 ரிங்கிட் 99 சென். நிலையத்தில் மைகார்டைக் கருவியில் செருகினால், சலுகை உண்டா இல்லையா என்று பதில் வருகிறது. கருவி நிறத்தைப் பார்ப்பதில்லை. போலி அட்டைக்கு நீல வண்ணம் பூசுவது எளிது. பதிவேட்டை ஏமாற்றுவது அரிது. குடியுரிமை பதிவேட்டில் இருக்கட்டும். கடப்பிதழ் தரும் அதிகாரி அதைக் கேட்டறியட்டும், வாக்காளர் பட்டியல் எழுதுபவரும் கேட்டறியட்டும். வீடு வாடகைக்கு விடுபவருக்கும், தவணையில் மோட்டார் சைக்கிள் விற்பவருக்கும் அது எதற்கு? அட்டையின் முகம் எல்லாருக்கும் ஒன்றாக இருக்கலாமே.

நிறத்தை மாற்றினால் உரிமை வந்துவிடாது, தெரியும். 2024 அக்டோபரில் மக்களவை நிறைவேற்றிய அரசமைப்புத் திருத்தம், வெளிநாட்டில் பிள்ளை பெறும் மலேசியத் தாய்க்கு நியாயம் செய்தது. மகிழ்ச்சி. ஆனால் அதே திருத்தம், நிரந்தரவாசிப் பெற்றோருக்கு இங்கே பிறக்கும் குழந்தை தானாகவே குடிமகனாகும் வழியை அடைத்தது. அது நடைமுறைக்கு வந்தபின் சிவப்பு அட்டைக்காரரின் பிள்ளை விண்ணப்ப வரிசையில் நிற்க வேண்டும். பாட்டன் நின்ற வரிசை அது. மெர்டேக்காவுக்கு, அதாவது 1957 விடுதலைக்கு, முன் இங்கே பிறந்து இன்னும் சிவப்பு அட்டையோடு இருக்கும் முதியோருக்கு, மலாய்த் தேர்வு எதுவும் வைக்காமல், அவர்கள் உயிரோடு இருக்கும்போதே குடியுரிமை வழங்குங்கள் என்று அரசைக் கேட்டுக்கொள்கிறேன்.